முங்கப் போகும் பிள்ளைகளுக்கு: காதைப் பற்றிச் சில வார்த்தைகள்

ஸ்கூபா கற்க வரும் பிள்ளைகள் சுறாவைப் பற்றிக் கேட்பார்கள், சிலிண்டரில் காற்று தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். காதைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். புதுச்சேரியில் இறங்கினாலும் அந்தமானில் இறங்கினாலும் புதியவர்களை அதிகம் படுத்துவது காதுதான். நிறைய வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

1. வலி எந்த இடத்தில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். காதுமடலை லேசாக இழுங்கள். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பை விரலால் அழுத்துங்கள். உயிர் போவதுபோல் வலித்தால் அது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. தண்ணீரில் ஊறிய தோலில் கிருமி புகுந்து, ஓரிரு நாளில் அரிப்பாகத் தொடங்கி வலியாக மாறும். இழுத்தால் வலியில்லை, ஆனால் இறங்கும்போதே குத்தியது, மேலே வந்த பிறகும் அடைத்தே இருக்கிறது என்றால் அது செவிப்பறைக்குப் பின்னால் நடந்த அழுத்தக் காயம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இது தெரியாமல் கையில் கிடைத்த சொட்டு மருந்தை விடுவதால்தான் பாதிக் கேடு.

2. சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமே என்பார்கள். வேண்டாம். மருந்தின் வேகம் அடியில் இருக்கும்போது குறைந்துவிட்டால், நடுக்காதில் விரியும் காற்று வெளியேற வழியின்றி மேலே வரும்போது வலிக்கும். இறங்கும்போது வலித்தால் திரும்பி வந்துவிடலாம். அடியிலேயே தங்கிவிட முடியாது.

3. வலி வரும் முன்பே காதைச் சமன் செய்யுங்கள். கடல்மட்டத்தில் இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகிறது, நடுக்காதின் காற்று பாதியாகச் சுருங்கப் பார்க்கிறது. ஆழத்தில்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். காதுக்குச் சோதனை முதல் சில மீட்டர்களில்தான். படகிலேயே ஒருமுறை மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மென்மையாக ஊதிப் பாருங்கள். பிறகு கால் கீழாக, கயிற்றைப் பிடித்தபடி, அரை மீட்டருக்கு ஒருமுறை அதையே செய்யுங்கள். இத்தாலிய மருத்துவர் வால்சால்வா 1704இல் வெளியிட்ட நூலில், காதில் சேர்ந்த சீழை வெளியேற்றச் சொன்ன வழி இது. திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். அப்போதும் முடியாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். முக்கி ஊதாதீர்கள். உள்காதின் மெல்லிய சவ்வு கிழிந்தால் கேட்கும் திறனே போகலாம்.

4. காதுக் குறும்பியை எடுக்காதீர்கள். அது அழுக்கில்லை. தண்ணீர் ஒட்டாத, சற்றே அமிலத்தன்மையுள்ள பூச்சு, கிருமியைத் தடுக்கும். பட்ஸ், ஊக்கு, வண்டிச் சாவி, துண்டின் முறுக்கிய நுனி என்று படகுக்குப் படகு பார்க்கிறேன். ஒவ்வொரு கீறலும் கிருமிக்குத் திறந்துவிட்ட வாசல். குறும்பி உண்மையிலேயே அடைத்திருந்தால் பயணத்துக்குச் சில நாள் முன்பே மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. மேலே வந்ததும் நல்ல தண்ணீரால் காதைக் கழுவி, தலையை இருபக்கமும் சாய்த்து வடியவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் ஒற்றியெடுங்கள். தினமும் இறங்குபவர்கள் 2 சதவீத அசிட்டிக் அமிலச் சொட்டு மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாட்கணக்கில் அழுத்த அறைகளில் தங்கி வேலை செய்யும் குளியாளிகளுக்காக அமெரிக்கக் கடற்படை 1970களில் வகுத்த முறையும் இந்த மருந்தைக் கொண்டதுதான். அதில் முக்கியமானது நேரம். பக்கவாட்டில் படுத்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, துளை நிறைய விட்டு, கடிகாரம் பார்த்து 5 நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். பிறகு அடுத்த காது. விட்ட உடனே எழுந்துவிட்டால் பலனில்லை. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும், ஓட்டை இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்களும் இதைத் தொடவே கூடாது.

6. காதடைப்பான் சாதாரண நீச்சலுக்குச் சரி, ஸ்கூபாவுக்கு ஆகாது. அழுத்தம் அதை உள்ளே தள்ளும்.

7. வெளிக்காதுத் தொற்று வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் நம் வீடுகளில் உடனே வரும். பாட்டியின் அன்பு எனக்குப் புரிகிறது, ஆனால் வீங்கிய காதில் எண்ணெய் ஈரத்தை அடைத்துவைக்கும், மருத்துவர் உள்ளே பார்ப்பதையும் மறைக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து தருவார். வலி இரண்டு மூன்று நாளில் குறையும். அதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள், சொன்ன நாள்வரை விடுங்கள். அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது. வலியைவிட அரிப்பு அதிகம், ஈரக் காகிதம்போல் ஏதோ வெளிவருகிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது சகஜம். பாக்டீரியாவுக்கான மருந்தை விட விட அது வளரும்.

8. நடுக்காதுக் காயம் என்றால் காதில் எதையும் ஊற்றாதீர்கள். கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். சில சொட்டு மருந்துகள் அந்த ஓட்டை வழியே உள்காதைக் கெடுக்கும். மருத்துவர் பார்த்து, சரியாகிவிட்டது என்று சொல்லும்வரை கடல் வேண்டாம்.

9. முங்கி வந்த பிறகு தலை சுற்றினால், ஒரு காது சட்டென்று மந்தமானால், இரைச்சல் நிற்காவிட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். உள்காதுக் காயமாகவோ அழுத்தக் குறைவு நோயாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

10. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காதுவலியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு வெளிக்காதுத் தொற்று மண்டையெலும்பு வரை பரவக்கூடும்.

11. எந்த மருத்துவரிடம் போனாலும் முங்கியதைச் சொல்லுங்கள். எவ்வளவு ஆழம், வலி இறங்கும்போதா ஏறும்போதா, மேலே வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள். வெறும் காதுவலி என்று சொன்னால் அவர் எப்படி ஊகிப்பார்? காது சரியில்லாத நாளில், கட்டிய பணம் போகுமே என்று தயங்காமல், ‘இன்றைக்கு நான் இறங்கவில்லை’ என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், தம்பி தங்கைகளே.