புளோரைட்டு கசியும் பல் அடைப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிளாஸ் அயனோமர் சீமெந்து, கண்ணாடித் தூளை பொலிஅக்ரிலிக் அமிலத்தோடு குழைத்துச் சொத்தைக் குழியில் வைக்கும் வெள்ளை அடைப்பு. லண்டனில் அலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கிய இது 1970களின் தொடக்கத்தில் அறிமுகமானது. தூளில் புளோரைட்டு கலந்திருப்பதால், இறுகிய பின்னும் அது சிறுகச் சிறுகக் கசிகிறது. நீல ஒளி காட்டி இறுக வைக்கும் கொம்போசிட்டும் வெள்ளைதான். ஆனால் அதன் பெரும்பாலான வகைகளில் இந்தக் கசிவு இல்லை.

நம்பிக்கை: பல்லைப் பூச்சி அரிக்கிறது, அடைத்தால் பூச்சி உள்ளேயே இருந்து குடையும்.

உண்மை: பல்லில் பூச்சி இல்லை. வாயிலுள்ள பக்டீரியா சீனியை அமிலமாக்குகிறது. அமிலத்தில் பல்லின் கனிமம் கரைகிறது. குழியின் ஓரங்களைச் சுத்தமாக்கி இறுக அடைத்தால், உள்ளே எஞ்சும் பக்டீரியாவுக்குச் சீனி கிடைக்காது. சொத்தை அங்கேயே நின்றுவிடும். பல்லின் நரம்புக்கு அருகிலுள்ள மென்மையான சொத்தையை வைத்தியர் சில வேளை தெரிந்தே விட்டுவைப்பது இதனால்தான். நரம்புக்கே கிருமி எட்டியிருந்தால் அடைப்பு மட்டும் போதாது.

நம்பிக்கை: மெஷின் இல்லாமல் கையால் செய்வது தற்காலிக அடைப்பு.

உண்மை: கிராம்பு மணக்கும் சின்க் ஒக்சைட்டு அடைப்புத்தான் தற்காலிகமானது. கிளாஸ் அயனோமர், பல்லின் கல்சியத்தோடு இரசாயன முறையில் பிணைந்து ஒட்டுகிறது. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இந்தச் சீமெந்தால் அடைக்கும் முறை 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் உருவானது. மின்சாரமோ துளைக்கும் கருவியோ வேண்டாத இம்முறை, பதுளை நகரிலிருந்து தொலைவிலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கும் பொருந்தும். ஒரே பக்கத்திலுள்ள குழியில் வைத்த அடைப்பு பல ஆண்டுகள் நிலைக்கும். இரு பற்களுக்கு இடையிலுள்ள குழியில் விரைவில் உடையலாம். அடைத்த பின் ஒரு மணி நேரமாவது எதையும் மெல்லக் கூடாது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் கிளாஸ் அயனோமரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

நம்பிக்கை: வெள்ளி அடைப்பு இருக்க இது எதற்கு?

உண்மை: கடைவாய்ப் பல்லின் பெரிய குழியில் வெள்ளி அடைப்பு அதிகம் தாங்கும். ஆனால் அதன் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். பாதரசப் பாவனையைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. 15 வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் வெள்ளி அடைப்பைத் தவிர்க்கும்படி, தேவையென வைத்தியர் கருதினாலன்றி, 2022இல் அதன் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன.

நம்பிக்கை: புளோரைட்டு கசியும் அடைப்பு இருக்கிறது, தேயிலையிலும் புளோரைட்டு இருக்கிறது; இனிப் பல் சொத்தையாகாது.

உண்மை: கசிவு முதல் ஓரிரு நாளில் அதிகம், பிறகு மளமளவெனக் குறைந்து சிறிதளவில் தொடரும். பற்பசையிலிருந்து புளோரைட்டை உறிஞ்சி, அடைப்பு அதை மீண்டும் வெளிவிடும். ஆய்வுகூடத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. வாயில் புதுச் சொத்தையை எவ்வளவு தடுக்கிறது என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபடவில்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைட்டை உறிஞ்சிச் சேர்ப்பது மெய்தான். ஆனால் சீனி போட்ட தேத்தண்ணியை நாள் முழுதும் குடித்தால் ஒவ்வொரு மிடறும் பக்டீரியாவுக்குத் தீனி. புளோரைட்டுப் பற்பசையால் தினமும் இருமுறை துலக்குவதற்கு அடைப்பு ஈடாகாது.

நம்பிக்கை: அடைப்பிலுள்ள புளோரைட்டு, மொனராகலைக் கிணற்றுத் தண்ணீரைப் போலப் பல்லைக் காவியாக்கும்.

உண்மை: புளோரைட்டுக் கறை, தாடைக்குள் பல் உருவாகும் சிறுவயதில் புளோரைட்டு அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போவதால் வருவது. குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மொனராகலையில் சில இடங்களின் நிலத்தடி நீர் இதைத் தாண்டுகிறது. மலைநாட்டு நீரில் புளோரைட்டு பொதுவாகக் குறைவு. அடைப்பிலிருந்து கசியும் அளவு மிக அற்பம். முளைத்துவிட்ட பல்லில் அது கறையை உண்டாக்காது.