மண்ணறிந்து வனைதல்

தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் மட்கலம் வனையும் தொழிலுக்கும் யாது தொடர்பு என இவ்விழா மலரைப் புரட்டும் பழைய மாணவர் வினவக்கூடும். தொடர்பு பெரிது. மூன்றாம் வேற்றுமையை விளக்கப் புகுந்து, குடத்துக்கு மண் முதற்கருவி, திகிரி துணைக்கருவி என்று சொல்லாத இலக்கண ஆசிரியர் இலர். சைவசித்தாந்தம் உரைப்போர் முதற்காரணத்துக்கு மண்ணையும், துணைக்காரணத்துக்குத் தண்ட சக்கரத்தையும், நிமித்த காரணத்துக்குக் குயவனையும் எடுத்துக்காட்டுவர். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், அத்துணைப் பெரியோனை அடக்கும் தாழியை எவ்வாறு வனையப் போகின்றாய் என்று குயவனையே விளித்து இரங்கினார். வள்ளுவரோ, வஞ்சனையால் பொருளீட்டிக் காப்பதனைச் சுடாத மட்கலத்தில் நீரூற்றி வைப்பதனோடு ஒப்பிட்டார்.

இவற்றையெல்லாம் பல ஆண்டுகளாக வகுப்பில் விரித்துரைத்து வந்த யாம், களிமண்ணைக் கையால் பிசைந்தறியாதவராகவே இருந்தோம். அவ்வறியாமை எவ்வாறு வெளிப்பட்டது என்பதை முதலிற் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர்க் கைப்பணிப் பாடத்தை ஓராண்டு நடத்தும் பொறுப்பு எம்மிடம் வந்தது. கார்த்திகை விளக்கீட்டுக்கு மாணவர் தம் கையாலேயே சிட்டிகள் செய்து ஏற்றவேண்டும் என விரும்பினோம். கிருலப்பனைச் சந்தைக்குச் சட்டி பானை கொண்டுவரும் சிங்களக் குயவர் ஒருவர், பதமான களிமண் தரவும், செய்தவற்றைத் தமது சூளையில் வைத்துச் சுட்டுத் தரவும் இசைந்தார். மாணவர் அனைவரும் சிட்டிகள் செய்தனர். கால்வாய்க்கரையில் குடியிருக்கும் மாணவன் ஒருவன் மட்டும் யானை ஒன்று செய்தான். துதிக்கையின் வளைவைக் கண்டு யாம் மகிழ்ந்தோமேயன்றி, அது உள்ளே குழிவின்றித் திண்ணிதாய் இருப்பதைக் கருதினோமல்லோம். கார்த்திகை மாதமோ கொழும்பில் மழைக்காலம். விளக்கீடு நெருங்கியமையால், ஐந்து நாள்கள் மட்டுமே உலர்ந்த பொருள்களை அனுப்பிவைத்தோம். சூளையில் யானை வெடித்தது. அதனைச் சூழ்ந்திருந்த சிட்டிகளிற் பலவும், அக்குயவர் விற்பனைக்கென அடுக்கியிருந்த சட்டிகள் ஏழும் உடைந்தன.

சட்டிகளின் விலையைக் கொடுத்தோம், அவர் வாங்கிக்கொண்டார். பின்பு ஒரு சனிக்கிழமை முற்பகல் முழுவதும் தமது பட்டறையில் எம்மை இருத்தி, யாம் கேளாமலே பாடஞ் சொன்னார். திங்கட்கிழமை வகுப்பில் அம்மாணவன், "ஐயா, மண் பிழையா, நான் பிழை விட்டேனா?" என்று வினவினான். "இரண்டும் அன்று, பிழை எம்முடையது" என்று எல்லார் முன்னிலையிலும் விடையிறுத்தோம். கீழே வருவன அக்குயவரிடம் கேட்டனவும், பின்னர் நூல்களாலும் கைப்பழக்கத்தாலும் யாம் தெளிந்தனவுமாம்.

மண்ணின் பிறப்பும் இனமும்

பாறைகளிலுள்ள பெல்சுபார் முதலிய கனிப்பொருள்கள் நீராலும் காலத்தாலும் சிதைந்து களியாகின்றன. களியின் துகள் ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூற்றில் ஒரு பங்கினும் சிறியது. தட்டையான இதழ் போன்றது. ஈரம் இடையே புகும்போது இவ்விதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. அழுத்தம் நீங்கியதும் நின்ற நிலையில் நிற்கின்றன. வளைத்தபடி வளைந்து வைத்தபடி நிற்கும் இக்குணமே வனைதற்கு மூலம்.

எல்லாக் களியும் ஒரு தன்மையன அல்ல. முதலாவது ஆற்று வண்டற்களி. களனி கங்கை, மகா ஓயா முதலிய ஆறுகளின் தாழ்நிலங்களிற் கிடைப்பது. பிறந்த இடத்திலிருந்து நீரால் நெடுந்தூரம் கொண்டுவரப்பட்டமையால் நுண்ணிதாய்ப் பசையுள்ளதாய் இருக்கும். இரும்புக் கலப்பு உண்மையால் சுட்டபின் சிவக்கும். சட்டி, பானை, சிட்டி, ஓடு, செங்கல் யாவற்றுக்கும் இதுவே ஏற்றது. கண்டி வீதியிற் செல்வோர் கேகாலைக்கு அருகே மொலகொடவில் வீதியோரம் அடுக்கிவைத்திருக்கக் காணும் மட்கலங்கள் இவ்வினக் களியால் ஆனவை.

இரண்டாவது கயோலின் எனப்படும் வெண்களி. சீனாவிலுள்ள கயோலிங் என்னும் மலைப்பெயரால் இப்பெயர் பெற்றது. கிருலப்பனையிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொரலஸ்கமுவவிலும், காலி மாவட்டத்து மீட்டியாகொடவிலும் இது புதைந்துள்ளது. இரும்பு குறைவாதலால் சுட்டாலும் வெண்மை மாறாது. எனினும் பசை குறைந்தது. தனியே எடுத்துப் பிசைந்தால் விளிம்பு பிளக்கும். பசையுள்ள நுண்களியும், பெல்சுபார்த் தூளும், படிகக்கல் தூளும் கூட்டி, 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சுட்டே பீங்கான் ஆக்குவர்.

மூன்றாவது மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிற் காணப்படும் கருங்களி. 1950ஆம் ஆண்டு தோன்றிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களிமண் இங்கிருந்தே சென்றது. மழையில் மிக ஊதிக் கோடையில் ஆழ வெடிப்பது இதன் இயல்பு. ஆதலின் மணல் கலவாது இதனால் வனைந்த பொருள் உலரும்போதே பிளந்துவிடும்.

நகரக் கால்வாய்ச் சேறு இவற்றுள் எதனினும் சேராது. எம் மாணவர் சிலர் ஆர்வத்தால் அதனைக் கொண்டுவந்தனர். அழுகிய இலைதழையும் கழிவும் கலந்த அச்சேறு கைக்கும் தீங்கு, கலத்துக்கும் தீங்கு. சுண்ணக்கல் துணுக்குக் கலந்த மண்ணையும் விலக்குக. சுடும்போது அத்துணுக்கு நீறாகி, பின்னர்க் காற்றின் ஈரத்தை உண்டு ஊதி, கலத்தின் மேற்புறத்தைப் பெயர்த்துவிடும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணெடுப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மண்ணை அறியும் சோதனை இரண்டு. கண்ணாடிப் போத்தலில் ஒரு பங்கு மண்ணும் மூன்று பங்கு நீரும் இட்டுக் குலுக்கி ஒருநாள் விடுக. அடியில் மணலும், நடுவில் மண்டியும், மேலே களியும் படையாகத் தங்கும். மற்றையது, ஈரமண்ணைச் சுண்டுவிரற் பருமனுள்ள திரியாக உருட்டி விரலிற் சுற்றுதல். வெடியாது வளைந்தால் வனைதற்காம்.

மண்ணையும் கலையையும் ஒருசேர அறிந்தவர் இந்நாட்டில் இருந்துள்ளனர். 1877ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை வகித்த நிலவியலறிஞர். கல்லையும் மண்ணையும் ஆராய ஊரூராகச் சென்றவரே, பின்னர் அவ்வூர்க் கைவினைஞரின் தொழில்களை ஆராய்ந்து, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908ஆம் ஆண்டு வெளியிட்டார்.

பதப்படுத்தல்

மண்ணை உலர்த்தி இடித்து நீரில் ஊறவைக்க. கரைந்தபின் துணியால் வடித்துத் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, செங்கல்மேற் பரப்பினால் மிகுநீரைச் செங்கல் உறிஞ்சும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் ஈரச்சாக்காற் போர்த்து வைக்க. நாட்பட நாட்படப் பசை மிகும். பசை அளவுகடந்த மண்ணாயின் அரித்த மணலையோ, உடைந்த ஓட்டின் தூளையோ ஐந்தில் ஒரு பங்குவரை கூட்டுக. இவை ஈரம் வெளியேற வழிவிட்டு, வெடிப்பைத் தடுக்கும்.

வனையுமுன் மண்ணைத் தங்கூசி நூலால் இரண்டாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றை ஓங்கி அறைந்து பிசைக. அறுத்த முகத்தில் துளையும் கட்டியும் தோன்றாத அளவும் இதனைச் செய்க. எம் மாணவர் முதல் நாளில் இப்பிசைதலை வெறுத்தனர். மூன்றாம் நாளில் மண் தம் கைக்கு இணங்கியதை உணர்ந்து தாமே செய்தனர்.

உருவாக்கும் முறைகள்

எளியது நுள்ளல் முறை. தோடம்பழ அளவினதாகிய உருண்டையின் நடுவிற் பெருவிரலை அழுத்தி, உருண்டையைச் சுழற்றிக்கொண்டே சுவரை நுள்ளி மெலிதாக்குக. சிட்டிக்கும் சிறு கிண்ணத்துக்கும் இது போதும்.

அடுத்தது திரி முறை. மண்ணை நீண்ட திரிகளாக உருட்டி, வட்ட அடித்தட்டின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, உட்புறமும் வெளிப்புறமும் விரலால் இழைத்து இணைக்க. சக்கரத்தில் எழுப்ப இயலாத பெருங்கலத்தையும் இம்முறையால் ஆக்கலாம். சில திரிகள் சுற்றியபின் அவை சற்று இறுகும்வரை பொறுத்து மேலே தொடர்க; அன்றேல் சுவர் தன் பாரத்தாலே தாழும்.

மூன்றாவது தகட்டு முறை. இரு சட்டங்களிடையே மண்ணை இட்டு உருளையால் உருட்டினால் ஒரே கனமுள்ள தகடு கிடைக்கும். வெட்டி இணைத்துப் பெட்டி, சுவர்ப்பலகை முதலியன செய்யலாம். இணைக்கும் விளிம்புகள் இரண்டையும் முள்ளாற் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி அழுத்துக. கீறாமல் ஒட்டிய காதும் பிடியும் உலரும்போது கழன்றுவிடும்.

நான்காவது சக்கரத்தில் வனைந்து தட்டல். வனைந்த கலம் சற்று இறுகியபின், குயவர் உள்ளே கல்லை அணைத்து வெளியே பலகையாற் தட்டி, கனத்த அடிப்பாகத்தை மெலிதாக்கிப் பானையை உருட்சியாக்குவர். சமையற்பானையின் அடி உருண்டிருப்பதன் காரணம் வெப்பம் சீராகப் பரவுதலாம்.

யானை முதலிய உருவங்களைச் செய்வோர்க்கு ஒரு விதி. இரு கிண்ணங்களை வாயோடு வாய் இணைத்தாற்போல உள்ளே குழிவாகச் செய்க. சுவர் விரற்கனத்தை மிஞ்சலாகாது. அடியில் ஒரு துளை இடுக.

உலர்த்தலும் சுடுதலும்

ஈரம் நீங்க நீங்க மண் சுருங்கும். மெல்லிய காது விரைந்து சுருங்கி, கனத்த உடல் பின்தங்கினால் இடையே பிளவு தோன்றும். ஆதலின் வெயிலில் வையாது, நிழலில் துணிபோர்த்து, மெல்ல உலர்த்துக. கோடையில் ஒரு வாரமும் மழைக்காலத்தில் இரு வாரமும் அதற்கு மேலும் வேண்டும். உலர்ந்தமை எவ்வாறு அறிவது? அக்குயவர் சிட்டியை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்துக் காட்டினார். கன்னத்திற் குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. எளிய இச்சோதனையை அறிந்திருந்தோமாயின் ஏழு சட்டிகள் உடைந்திரா.

கண்ணுக்கு உலர்ந்த மண்ணிலும் ஈரம் ஒளிந்திருக்கும். 100 பாகை செல்சியசில் அது நீராவியாகித் தன் பருமனில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழியின்றேல் கலத்தைத் தகர்க்கும். உள்ளே அடைபட்ட காற்றே வெடிப்புக்குக் காரணம் என்பர் சிலர். உண்மைக் காரணம் ஈரமே. ஆகவே தொடக்கத்தில் மென்புகையாக நெடுநேரம் எரித்தல் வேண்டும்.

ஏறத்தாழ 450 முதல் 600 பாகை வரை வெப்பம் ஏறுகையில், களியின் கட்டமைப்பிலேயே பிணைந்துள்ள நீர் நீங்குகின்றது. அதன்பின் அது மீண்டும் சேறாகாது. நாட்டுச் சூளைகளில் 800 பாகையளவில் மட்கலம் வெந்து முடியும். முடிந்தபின் சூளையைத் தானே ஆறவிடுக. அவசரமாய்த் திறந்தால் குளிர்காற்றுப் பட்டுக் கலம் விரியும். காற்றோட்டம் மிக்க சூளையில் மண் சிவக்கும். புகை சூழ அடைத்தால் கறுக்கும். கந்தரோடையிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்கலங்கள், தீயை ஆளும் இவ்வறிவைப் பண்டையோர் பெற்றிருந்தமைக்குச் சான்று.

சூளைக்கு வழியில்லாத இல்லத்தார்க்குப் பிற வகைகளும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் ஹார்பட் என்னும் ஓவிய ஆசிரியர் 1897ஆம் ஆண்டு ஆக்கிய பிளாஸ்டிசின், எண்ணெயும் மெழுகும் சேர்ந்தது, உலராது, மாதிரி செய்து பழகச் சிறந்தது. கடைகளில் விற்கும் பொலிமர்க் களி பெயரளவிலேயே களி. அது பிளாத்திக்கு இனம். ஏறத்தாழ 130 பாகையில் வீட்டுச் சூட்டடுப்பிலே இறுகும். கடதாசிக் கூழ் கலந்து காற்றில் உலரவிடும் களி அழகுப் பொருளுக்கு உதவும். நீர் பட்டால் நெகிழும்.

முடிவுரை

அடுத்த ஆண்டு, 660ஆம் குறளைக் கற்பித்த நாளில், சுடாத சிட்டி ஒன்றையும் சுட்ட சிட்டி ஒன்றையும் மேசைமீது வைத்து இரண்டிலும் நீர் ஊற்றினோம். மணி அடிக்குமுன் சுடாத சிட்டி கரைந்து சேறாயிற்று. "தண்ணீர் மட்டும் போகவில்லை, சிட்டியும் போயிற்று" என்றான் ஒரு மாணவன். தீய வழியில் வந்த பொருளோடு அதனைக் காத்தவனும் அழிவான் என்னும் உரையை அன்று யாம் விரிக்க வேண்டியிருக்கவில்லை.

யானை செய்த மாணவன் மறுபடியும் யானையே செய்தான். இம்முறை உள்ளே குழிவு. வயிற்றின் கீழ் ஒரு துளை. மூன்று வாரம் உலர்ந்தது. அது இப்போது எமது கைப்பணி அறையில் நிற்கின்றது. துளை ஏன் என்று கேட்போர்க்கெல்லாம் அவனே காரணங் கூறுவான்.

அவ்வறையில் ஒரு தட்டு வெறுமையாக உள்ளது. பழைய மாணவர்காள்! முருங்கனிலும் மட்டக்களப்பிலும் மலைநாட்டிலும் கடல் கடந்தும் வாழ்கின்றீர்கள். உங்கள் ஊர்க் களிமண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, ஊர்ப்பெயர் எழுதிக் கல்லூரிக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றாலும் ஒரு சிட்டி வனைந்து சுட்டு, மண்ணின் பெயரோடு அத்தட்டில் வைப்போம். வரும் விளக்கீட்டில் அவை யாவும் ஒருங்கே எரிதல் வேண்டும் என்பது எமது அவா.