பொதுக் கணக்கு

வாணிகம் செய்வோர் தம் கணக்கைப் பிறர் அறியாவண்ணம் காப்பது உலகியல்பு. ஒரே தொழிலில் போட்டியிடுவோர் தம் ஏடுகளை ஒருவர்க்கொருவர் திறந்து காட்டுவது அரிதினும் அரிது. ஆயினும், நிறுவனங்கள் பல தத்தம் செய்திகளுள் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்தாலன்றி எவர்க்கும் தொழில் செவ்வனே நடவாது என்னும் நிலையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டு இருப்புப்பாதை நிறுவனங்கள் அந்நிலையை எய்தின. அவை அதற்குக் கண்ட வழி அறியத்தக்கது.

1830ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதன்பின் பத்தாண்டுகளுக்குள் பற்பல இருப்புப்பாதைகள் தோன்றின. அவற்றை அமைத்தது அரசாங்கம் அன்று. தனித்தனி நிறுவனங்களே அமைத்தன. 1840ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து யார்க் நகரம் வரை பாதை தொடர்ந்து இணைந்துவிட்டது. ஆனால், ரக்பி வரையுள்ள பகுதி ஒரு நிறுவனத்தினுடையது. ரக்பியிலிருந்து டார்பி வரை மற்றொன்றனுடையது. அதற்கு வடக்கே மூன்றாவது நிறுவனம். இறுதிப் பகுதியில் நான்காவது நிறுவனம். தண்டவாளங்கள் இணைந்தன, நிறுவனங்கள் இணையவில்லை.

இதனால் விளைந்த இடர்கள் பல. ஒரு நிறுவனத்தின் எல்லை முடிந்த இடத்தில் பயணிகள் இறங்கி, மீண்டும் சீட்டு வாங்கி, வேறு வண்டி ஏற வேண்டியிருந்தது. சரக்குகளையும் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இறக்கி ஏற்றுந்தோறும் கூலி மிகுந்தது, காலம் கழிந்தது, பொருள்கள் உடைந்தன. சரக்குப் பெட்டியை அப்படியே அடுத்த நிறுவனத்தின் பாதையில் செலுத்தலாமே எனின், அதற்கும் தடை இருந்தது. எல்லை கடந்த பெட்டி எப்பொழுது திரும்பும்? அது எத்தனை மைல் ஓடியது? வந்த கட்டணத்தில் எவர்க்கு எவ்வளவு பங்கு? இவ்வினாக்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் ஏட்டைக் காட்டியே விடை கூறும். ஒன்றன் ஏட்டை மற்றொன்று நம்ப வேண்டும் என்பதற்கு ஏது இல்லை.

இச்சிக்கலை அவிழ்க்க முற்பட்டவர் இலண்டன் பர்மிங்காம் இருப்புப்பாதையில் கணக்காய்வு செய்துவந்த கென்னத் மாரிசன் என்பவர். அந்நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் கார் கிளின் அவருக்குத் துணை நின்றார். கிளின் வங்கித்தொழிலில் வல்லவர். இலண்டன் வங்கிகளின் கணக்கர்கள் ஓரிடத்தில் கூடித் தம்முள் காசோலைகளை மாற்றிக்கொண்டு, எஞ்சிய தொகையை மட்டும் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றியிருந்தது. அம்முறையை இருப்புப்பாதைக்கும் கொண்டுவரலாம் என அவ்விருவரும் கருதினர். 1842ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள், யூஸ்டன் நிலையத்தருகே இருப்புப்பாதைத் தீர்வகம் பணி தொடங்கியது. தொடக்கத்தில் ஒன்பது நிறுவனங்களே அதில் சேர்ந்திருந்தன.

தீர்வகத்தின் செயல்முறை எளியது. சரக்கை அனுப்பிய நிலையமும் பெற்ற நிலையமும் தனித்தனியே தீர்வகத்திற்குக் கணக்கு விடுக்கும். கணக்கர்கள் இரண்டையும் ஒப்பிடுவர். இரண்டும் ஒத்திருந்தால் கணக்கு முடியும். வேறுபட்டால் காரணம் உசாவப்படும். பாதைகள் சந்திக்கும் இடங்களில், கடந்து செல்லும் பெட்டிகளின் எண்களைக் குறிப்பதற்கென ஆட்கள் நின்றனர். அவர்கள் எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். தீர்வகத்தின் ஊழியரே ஆவர். ஆதலின், அவர்கள் எழுதியதை எல்லோரும் ஏற்றனர். பிறருடைய பெட்டியைக் காலங்கடந்து வைத்திருப்போர் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணத்தொகையோ ஒவ்வொரு நிறுவனத்தின் பாதையிலும் ஓடிய மைல் அளவுக்கு ஏற்பப் பகிரப்பட்டது.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். முதல் நிறுவனம் இரண்டாவதற்கு 100 பவுன் தர வேண்டும். இரண்டாவது மூன்றாவதற்கு 80 பவுன் தர வேண்டும். மூன்றாவது முதலாவதற்கு 70 பவுன் தர வேண்டும். தனித்தனியே தீர்த்தால் 250 பவுன் கைமாற வேண்டும். மூன்று கணக்கும் ஓரிடத்தில் இருந்தாலோ, முதல் நிறுவனம் 30 பவுன் செலுத்தினால் போதும். இரண்டாவது 20 பவுனும் மூன்றாவது 10 பவுனும் பெற்றுக் கணக்கு நேராகும்.

பொதுக் கணக்கு வேறு பல பொதுமைகளையும் உடன் கொணர்ந்தது. அக்காலத்தில் ஊருக்கு ஊர் கடிகாரம் வேறுபட்டது. பிரிஸ்டல் நகரின் நேரம் இலண்டன் நேரத்திற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் பின்தங்கியிருந்தது. நிறுவனங்கள் அனைத்தும் கிரீனிச்சு நேரத்தையே கொள்ளவேண்டும் என 1847ஆம் ஆண்டு செப்டம்பரில் தீர்வகம் பரிந்துரைத்தது. 1880ஆம் ஆண்டில் அந்நேரமே பிரிட்டனின் சட்டநேரம் ஆயிற்று. சரக்குகளை வகைப்படுத்துவதிலும் பாதைகளின் தொலைவைக் குறிப்பதிலும் ஒரே முறை நிலைபெற்றது. ஒருவர் எழுதியதை மற்றவர் பிழையற உணர வேண்டுமாயின், அளவும் பெயரும் காலமும் இருவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டுமன்றோ?

எனினும், எல்லா நிறுவனங்களும் உடனே சேர்ந்துவிடவில்லை. தம் உரிமை குறையுமோ என அஞ்சியவை சில. தம் எல்லைக்குள்ளேயே போதிய வருவாய் உண்டு எனக் கருதியவை சில. ஆனால், உறுப்பினர் பெருகப் பெருக, உள்ளே இருப்போரின் பயன் வளர்ந்தது; வெளியே நிற்போரின் இழப்பும் வளர்ந்தது. 1850ஆம் ஆண்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், தராத தொகையை வழக்காடிப் பெறும் உரிமையைத் தீர்வகத்திற்கு அளித்தது. பின்னர்த் தயங்கி நின்ற பெருநிறுவனங்களும் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 2,000க்கு மேற்பட்ட கணக்கர்கள் அங்கே பணியாற்றினர். 1948இல் இருப்புப்பாதைகள் நாட்டுடைமை ஆயின. நிறுவனங்கள் ஒன்றானபின் தீர்வகத்தின் தேவை குன்றியது. 1963இல் அதன் பணி முற்றுப்பெற்றது.

தீர்வகம் மறைந்தாலும் அதன் கருத்து மறையவில்லை. 1973ஆம் ஆண்டில் 15 நாடுகளைச் சேர்ந்த 239 வங்கிகள் கூடிப் பெல்சியம் நாட்டில் சுவிஃப்ட் என்னும் அமைப்பை நிறுவின. அது பணத்தைக் கொண்டுசெல்வதில்லை. பணம் பற்றிய செய்தியை, எல்லா வங்கிகளும் ஒப்புக்கொண்ட ஒரே வடிவில், கணிப்பொறி வாயிலாகக் கொண்டுசெல்கிறது. இன்று 200க்கு மேற்பட்ட நாடுகளில் 11,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதனைப் பயன்படுத்துகின்றன. ஏடும் எழுதுகோலும் செய்த பணியை இன்று கணிப்பொறி செய்கிறது. கருவி மாறியது, அடிப்படை மாறவில்லை.

இவ்வமைப்புகளால் போட்டி ஒழிந்துவிடவில்லை. இருப்புப்பாதை நிறுவனங்கள் பயணிகளைக் கவர ஒன்றோடொன்று முனைந்து போட்டியிட்டன. வங்கிகளும் அவ்வாறே போட்டியிடுகின்றன. பொதுவில் வைக்கவேண்டிய செய்தி இது, தமக்கே உரிய செய்தி இது என அவை பகுத்தறிந்தன. பொதுவில் வைத்ததில் பொய் கலவாமல் காத்தன. அதனைக் காக்கும் பொறுப்பை நடுவுநிலை தவறாத ஓர் அமைப்பிடம் ஒப்படைத்தன. நடுவுநிலை குன்றின் நம்பிக்கை குன்றும். நம்பிக்கை குன்றின் எத்துணைச் சிறந்த கருவியும் பயன்தாராது. உண்மைக் கணக்கை உடன் வைத்துக்கொள்வோர் போட்டியாளராய் இருந்தும் பங்காளராய் வாழலாம் என்பதற்கு யூஸ்டன் அருகே தொடங்கிய அத்தீர்வகம் சிறந்த சான்றாகும்.