பூச்சுக்கு அடியில்தான் படகு: பழைய பைபர் படகைத் திருத்துவோருக்கான நம்பிக்கைகளும் உண்மைகளும்

மே மாதம் சோளகம் எழும்பினால் கல்கிசைக் கடற்கரையில் சிறு படகுகள் ரயில் பாதைப் பக்கமாக மேலே இழுக்கப்பட்டுவிடும். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் சில படகுகள் ஒழுங்கைகளுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் வந்து சேரும். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு ஹாட்வெயார் கடையில் கொஞ்சம் ரெசின், கண்ணாடி இழை மெட், ஒரு டின் பெயின்ட் வாங்கிக்கொண்டு சொந்தக்காரரே வேலையைத் தொடங்குவார். அதில் தவறில்லை. கைக்காசில் வாழ்கிற குடும்பத்துக்கு அதுதான் வழி. ஆனால் இந்த வேலையைச் சுற்றி வளர்ந்திருக்கும் சில நம்பிக்கைகள் படகையும் ஆளையும் ஆபத்தில் தள்ளுகின்றன.

நமது கரைகளில் முன்பு ஓரு, வள்ளம், கட்டுமரம் என்று எல்லாம் மரம்தான். 1967இல் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம், பைபர் கிளாஸ் படகை இங்கே பரப்பிய முன்னோடிகளில் ஒன்று. இன்று கரையோரச் சிறு படகுகளில் பெரும்பாலானவை பைபர். மரத்தை எப்படிப் பேணுவது என்பதைத் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான். பைபரைப் பேணும் அறிவு அப்படித் தலைமுறையாக வந்ததல்ல. அந்த இடைவெளியில்தான் பிழையான நம்பிக்கைகள் புகுந்தன.

நம்பிக்கை 1: பைபர் உக்காது. பெயின்ட் அடித்தால் புதுப் படகு.

உண்மை: பைபர் மரம்போல உக்குவதில்லை, ஆனால் தண்ணீர் குடிக்கும். வெளிப்பூச்சான ஜெல்கோட் வழியாக நீர் மெல்ல மெல்ல ஊடுருவி, உள்ளே இருக்கும் கரையக்கூடிய பொருட்களோடு சேர்ந்து கொப்புளங்களை உண்டாக்கும். நீர் மட்டத்துக்குக் கீழே அப்படி ஒரு கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். வினாகிரி மணக்கும் பிசுபிசுத்த நீர் வந்தால் நோய் உள்ளே இருக்கிறது.

அதைவிட மோசமானவை கண்ணுக்குப் படாத இடங்கள். எஞ்சின் பூட்டும் பின்பக்கப் பலகைக்குள் பல படகுகளில் பிளைவூட் இருக்கும். ஆணித் துளை வழியாக நீர் புகுந்தால் அது உள்ளுக்குள் உக்கிவிடும். வெளித்தோல் மட்டும் பளபளவென்று நிற்கும். சுத்தியலின் மரப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் கணீரென்று சொல்லும், கெட்ட இடம் மந்தமாகச் சத்தமிடும். மிதப்புக்காக அடைத்த நுரையும் ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் நீர் ஏறிக் கனத்துவிடும். முன்பு தூக்கிய அதே ஆட்களால் இப்போது அசைக்க முடியவில்லை என்றால் பெயின்ட் டின்னை மூடிவைத்துவிட்டு நுரையைத் திறந்து பாருங்கள்.

நம்பிக்கை 2: வெடிப்பின் மேல் இரண்டு படை மெட் ஒட்டினால் போதும்.

உண்மை: வீட்டுத் திருத்தங்கள் அதிகமாகத் தோற்கும் இடம் இது. புதுப் படகு கட்டும்போது ஒரு படை முழுதாக இறுகுமுன் அடுத்த படை விழுகிறது. இரண்டும் இரசாயன ரீதியாகப் பிணைந்து ஒன்றாகிவிடும். பத்து வருடப் பழைய பைபர் முழுதாக இறுகி முடிந்தது. புது ரெசின் அதோடு அப்படிக் கலக்காது, சுரண்டிய கீறல்களைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். பிடிக்க இடமில்லாத வழுவழுப்பான பெயின்டின் மேல் ஒட்டிய மெட், அலை அடிக்க அடிக்கத் தகடாகக் கழன்று வரும்.

ஆகவே, முதலில் அசிற்றோனால் துடைத்து எண்ணெயையும் மெழுகையும் அகற்றுங்கள். அதன் பிறகே அரைக்க வேண்டும். துடைக்காமல் அரைத்தால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். உடைந்த பகுதியை நல்ல பைபர் தெரியும் வரை வெட்டி எறியுங்கள். விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாக அரையுங்கள். தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலம் என்பது நல்ல கணக்கு: 5 மில்லிமீற்றர் தடித்த உடலுக்குச் சுற்றிவர 60 மில்லிமீற்றர் சரிவு வேண்டும். அந்தச் சரிவில்தான் பாரம் பழைய உடலிலிருந்து புதிய படைக்கு ஏறி இறங்குகிறது.

பின்பக்கப் பலகைபோல் பாரம் தாங்கும் இடங்களுக்கு வழக்கமான பொலியெஸ்டர் ரெசினைவிட எபொக்சி ரெசின் பல மடங்கு நன்றாகப் பிடிக்கும். விலை கூட, ஆனால் அந்த இடத்தில் அது வீண் செலவல்ல. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: பழைய பொலியெஸ்டர் மேல் எபொக்சி பிடிக்கும், எபொக்சி மேல் பொலியெஸ்டர் ஜெல்கோட் சரியாக இறுகாது. அங்கே மேற்பூச்சுக்குப் பெயின்டே போதும்.

நம்பிக்கை 3: ஹார்ட்னர் கூட ஊற்றினால் பலம் கூடும்.

உண்மை: பலம் குறையும். பொலியெஸ்டர் ரெசினுக்கு ஹார்ட்னராகச் சேர்க்கும் எம்.ஈ.கே.பி. வழக்கமாக நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். சரியான அளவு ரெசின் டின்னில் எழுதியிருக்கும். கொழும்பின் வெக்கையில் கீழ் அளவே பெரும்பாலும் போதும். கூட ஊற்றினால் ரெசின் வேகமாகச் சூடேறி, சுருங்கி, நொறுங்கும் தன்மை பெறும். அளவுக்குக் குறைத்தால் கடைசிவரை முழுதாக இறுகாது. கண்மதிப்பை விட்டுவிட்டு அளவுக் குவளையும் தராசும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பு கையில் ஒட்டுகிறது என்பதற்காக அடுத்த கலவைக்கு ஹார்ட்னரைக் கூட்டுவோரும் உண்டு. சாதாரணப் பொலியெஸ்டரின் காற்றுப் படும் முகம் பிசுபிசுத்தே இருக்கும், ஒட்சிசன் அதை முழுதாக இறுக விடாது. அடுத்த படைக்கு அது நல்லதே. கடைசிப் படைக்கு மட்டும் மெழுகு கலந்த ரெசின் பாவித்தால் பிசுபிசுப்பு இராது.

உயிருக்கு ஆபத்தான தவறு ஒன்று உண்டு. ரெசின் விரைவாக இறுகச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் எம்.ஈ.கே.பி.யையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே கலந்து வரும் ரெசினைக் கேட்டு வாங்குவதே வீட்டுக்குப் பாதுகாப்பு. எம்.ஈ.கே.பி. ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஊற்றுங்கள். பட்டுவிட்டால் உடனே, குறைந்தது 15 நிமிடம், ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நம்பிக்கை 4: கடலுக்குப் போகாத மாதம்தான் திருத்த ஏற்ற மாதம்.

உண்மை: நேரம் கிடைப்பது அப்போதுதான், ஆனால் காற்று ஈரமாக இருப்பதும் அப்போதுதான். மே மாத மழையும் கடல் ஈரமும் ரெசினுக்கு எதிரிகள். ஈர இழை ரெசினை உறிஞ்சாது. ஈரமேறிய உடலின் மேல் ஒட்டிய படை உள்ளே நீரைப் பூட்டிவைக்கும். மழை நிற்காத மாதத்தில் செய்யலாம், ஆனால் வழி வேறு. படகைக் கட்டைகளின் மேல் தூக்கி, மேலே தார்ப்பாயைக் கூரைபோல் கட்டி, இரு பக்கமும் காற்று ஓட விடுங்கள். தார்ப்பாயைப் படகின் மேலேயே போர்த்தினால் உள்ளே ஆவி கட்டிப் படகு நனைந்துகொண்டே இருக்கும். திறந்த கொப்புளங்களை நல்ல தண்ணீரால் பலமுறை கழுவுங்கள், உப்பு இருக்கும்வரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. தெளிவான பொலித்தீன் துண்டு ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டி உடலில் பதித்து ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் காயவில்லை. நீர் ஏறிய உடல் காய வாரங்கள் ஆகும். ரெசின் பூசும் நாளில் பனி உலர்ந்த காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி, பின்னேர மழைக்கு முன் முடித்துவிடுங்கள். அளக்கவும் வெட்டவும் அரைக்கவும் சோளக மாதங்களைப் பாவித்து, ரெசின் வேலையை மழையில்லாத ஒரு வாரத்துக்குத் தள்ளிவைப்பதே புத்தி.

நம்பிக்கை 5: திறந்த முற்றத்தில் செய்தால் முகமூடி தேவையில்லை.

உண்மை: பொலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் மணம் ஸ்ரைரீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் அதை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் வரிசையில் சேர்த்தது. ஸ்ரைரீன் தீப்பற்றத் தேவையான ஆவியை விடும் வெப்பநிலை சுமார் 31 பாகை செல்சியஸ். கல்கிசையின் நண்பகல் வெப்பம் அதுதான். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிக்குள் தங்கும். படகுக்குள் குனிந்து பூசுபவருக்குத் துணி முகமூடி பயனில்லை. ஆவிக்குரிய வடிகட்டி பூட்டிய முகமூடி வேண்டும். அரைக்கும் தூளுக்கு என் 95 தரம் குறைந்தபட்சம். சிகரெட்டும் அடுப்பும் குழந்தைகளும் தூரத்தில் இருக்கட்டும். ஹார்ட்னர் கலந்து எஞ்சிய ரெசினை ஆழமான டின்னில் விடாதீர்கள், தானே சூடேறிப் புகையும்.

அரைத்த தூளும் பிளாஸ்ரிக்தான். 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, பிளாஸ்ரிக் மணிகள் மேற்குக் கரை மணலில் குவிந்தபோது நாமெல்லாம் கொதித்தோம். நம் சொந்தப் படகின் தூளை மழைநீரோடு கடலுக்கு விடலாமா? கீழே பொலித்தீன் விரித்து, தூளைக் கூட்டி மூட்டையாகக் கட்டிக் கழிவாகக் கொடுங்கள்.

நம்பிக்கை 6: அலுமினியப் படகென்றால் இந்தத் தொல்லை ஒன்றுமில்லை.

உண்மை: பொல்கொடை ஏரிக்கு எடுத்துச் செல்லவோ தூண்டில் போடவோ பழைய அலுமினியப் படகு வாங்க நினைப்போர் இப்படிச் சொல்வார்கள். அலுமினியம் இரும்பைப்போல் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் உப்புநீரில் இரும்பு, துருப்பிடிக்கா உருக்கு, செம்பு ஆகியவற்றில் எதைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அலுமினியம் அரிபட்டுக் குழி குழியாகும். ஆகவே உருக்கு ஆணிகளுக்கு அடியில் நைலோன் வாஷர் போட வேண்டும். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட் அடிக்கவே கூடாது. ஈரச் சாக்கு, ஈரப் பலகை எதையும் அதன்மேல் கிடக்க விடாதீர்கள். ரிவெட் எங்கே ஒழுகுகிறது என்று அறிய, படகைக் கட்டைமேல் வைத்து உள்ளே சில அங்குலம் தண்ணீர் ஊற்றி வெளியே எங்கு சொட்டுகிறது என்று பாருங்கள். பெயின்ட் அடிப்பதற்காகச் சுரண்டிய உடனே பிரைமர் அடியுங்கள். நிமிடங்களில் ஒட்சைட் படலம் மீண்டும் கட்டிவிடும். உருக்கி ஒட்டும் வெல்டிங் வேலை பழகியவரிடம் போகட்டும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள தகடு பலம் இழக்கும்.

நம்பிக்கை 7: ஒழுகாவிட்டால் கடலுக்குப் போகலாம்.

உண்மை: ஒழுகாமை ஒரு சோதனை மட்டுமே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி நம் படகுகளில் பெரும்பகுதியை அழித்தது. அதன் பின் அவசரம் அவசரமாகக் கட்டிக்கொடுத்த படகுகளில் பல தரம் குறைந்தவை என்று நிபுணர்கள் எச்சரித்தார்கள். புதுப் பெயின்ட் மினுமினுத்த அந்தப் படகுகள் நமக்குச் சொன்ன பாடம், கண்ணுக்கு அழகான உடல் பலமான உடல் அல்ல என்பதே. திருத்திய படகை முதலில் கரையருகே, அமைதியான நீரில், பாரம் ஏற்றாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு எஞ்சினை முழு வேகத்தில் விட்டு, பின்பக்கப் பலகை அசைகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் இந்தச் சோதனைக்கும் போக வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மீன்பிடி, நீரியல் வளங்கள் சட்டப்படி மீன்பிடிப் படகு பதிவு செய்யப்பட வேண்டும். பழைய படகை வாங்கித் திருத்த முனைவோர் காசு கொடுக்குமுன் அதன் பதிவிலக்கத்தைக் கடற்றொழில் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவில்லாத படகில் கொட்டிய ரெசின் வீண்.

இந்த ஏழு நம்பிக்கைகளுக்கும் பொதுவான ஒரு விடயம் உண்டு. ரெசின் வேலையின் பலம் ரெசின் டின்னைத் திறக்கும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தட்டிப் பார்ப்பது, வெட்டி எறிவது, கழுவுவது, காயவிடுவது, அரைப்பது என்ற இந்த ஐந்தையும் செய்பவருக்குப் பூசுவது கடைசி நாள் வேலை. இவை ஒன்றையும் செய்யாதவருக்கு எந்த விலையுயர்ந்த ரெசினும் துணை நிற்காது.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. அடிப்பாகம் குறுக்கே முறிந்திருந்தால், விலாச் சட்டங்கள் கழன்றிருந்தால், பின்பக்கப் பலகை முழுதும் மந்தமாகச் சத்தமிட்டால், அனுபவமுள்ள படகுத் தொழிற்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு வலிக்கும், தெரியும். ஆனால் அந்தப் படகில் ஏறுவது உங்கள் தம்பியும் மச்சானும் அயல்வீட்டுப் பிள்ளையும்தான். கரையிலிருந்து பல மைல் தூரத்தில் பின்பக்கப் பலகை கழன்றால் அவர்களுக்கு வேறு பிடிமானம் கிடையாது.