குழந்தை வளர்ச்சி அட்டையும் அதனைப் படிக்கும் முறையும்

ஹைதராபாத் நகரின் தார்நாகாப் பகுதியில், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் அருகே, தேசிய சத்துணவு நிறுவனம் அமைந்துள்ளது. 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சியே படிப்படியாக விரிவடைந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, 1969-இல் இப்பெயரைப் பெற்றது. இத்தகைய நிலையங்களில் கண்டறியப்படும் உண்மைகள் பெரும்பாலும் எண்களாகவே வெளிவருகின்றன. 2017-இல் இந்நிறுவனம் வெளியிட்ட இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இடம் பெற்றுள்ளன. ஆராய்ச்சியாளருக்கு இஃது ஒரு கருவூலம். ஆயினும், அடுப்பின் முன் நிற்கும் தாய்க்கு இவ்வட்டவணையால் நேரடிப் பயன் இல்லை. எண்ணைக் கண்ணால் காணத்தக்க உருவமாக மாற்றித் தரும் வேலை கிராமப் பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. அவ்வுருவத்தைச் சரியாகப் படிக்கக் கற்பிப்பதும் அவர்களுக்கே உரியது.

முதலில் ஓர் எளிய படத்தைக் கவனிப்போம். இந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகளில், ஒருவர் ஒரு நாளில் உண்ண வேண்டியவை ஒரு தட்டின் வடிவில் காட்டப்பட்டுள்ளன. 2000 கலோரி தேவைப்படுபவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், பழம் 100 கிராம், கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்பது கணக்கு. எடையைக் கூட்டிப் பார்த்தால் தானியம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே. சக்தியைக் கொண்டு பார்த்தாலோ, அது நூற்றுக்கு 45 வரை இருக்கலாம் என்பது நெறி. ஆகவே, கரும்பலகையில் தட்டை வரையும் ஆசிரியர், தாம் பிரிப்பது எடையையா, சக்தியையா என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேலும், தானியத்திற்குக் கூறிய எடை சமைப்பதற்கு முந்திய எடை. அரிசி சோறானதும் நீரை ஏற்று ஏறக்குறைய மும்மடங்காகிவிடும். இதனைச் சொல்லாது விட்டால் நல்ல படமும் தவறான செய்தியைத் தரும்.

இதனினும் நுட்பமானது குழந்தையின் வளர்ச்சி அட்டை. இதன் வரலாறு நைஜீரியாவின் மேற்குப் பகுதியிலுள்ள இமேசி என்னும் கிராமத்தில் தொடங்குகிறது. அங்குப் பணியாற்றிய டேவிட் மார்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர், குழந்தையின் எடையை மாதந்தோறும் ஒரு புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கும் அட்டையை உருவாக்கினார். அவர் செய்த இரண்டு ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை. அட்டையை மருத்துவ மனையின் பெட்டியில் பூட்டி வைக்காமல், உறையிலிட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தார். வயதைக் கணக்கிடும் தொல்லை நீங்கும் பொருட்டு, பிறந்த மாதத்திற்கென ஒரு தனிக் கட்டத்தை அமைத்து, அதிலிருந்து மாதங்களின் பெயர்களை வரிசையாக எழுதிச் செல்லுமாறு செய்தார். “ஆடிப் பெருக்குக்கு மறுநாள் பிறந்தவள்” என்று தாய் கூறும் நம் ஊர்களிலும் இம்முறையின் அருமை எளிதில் விளங்கும்.

நம் நாட்டில் 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் இவ்வகை அட்டை இடம் பெற்றது. புதுடில்லி உள்ளிட்ட ஆறு நாடுகளின் நகரங்களில் தாய்ப்பால் உண்டு நன்கு வளர்ந்த குழந்தைகளை ஆராய்ந்து, உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் புதிய அளவுகளை வெளியிட்டது. 2008-இல் அவை இங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டன. பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆண் குழந்தைக்கு நீல அட்டை. பச்சைப் பட்டை இயல்பான எடையையும், மஞ்சள் ஓரளவு எடைக் குறைவையும், ஆரஞ்சு கடுமையான எடைக் குறைவையும் காட்டும்.

இனி ஓர் உதாரணம். ஒரு பெண் குழந்தையின் எடை ஒன்பதாம் மாதத்தில் 7.5 கிலோ, பத்தாம் மாதத்திலும் 7.5, பதினோராம் மாதத்தில் 7.4, பன்னிரண்டாம் மாதத்திலும் 7.4 எனக் கொள்வோம். ஒரு வயதுப் பெண் குழந்தைக்கு மஞ்சள் பட்டை 7.0 கிலோவுக்குக் கீழேதான் தொடங்குகிறது. ஆகவே நான்கு புள்ளிகளும் பச்சையிலேயே விழும். நிறத்தை மட்டும் நோக்கும் பணியாளர் “இயல்பு” என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த குழந்தையை அழைப்பார். ஆனால் இதே மூன்று மாதங்களில் நடுத்தர வளர்ச்சியுள்ள பெண் குழந்தை ஏறத்தாழ 700 கிராம் கூடியிருக்கும். இவளோ 100 கிராம் இழந்திருக்கிறாள். புள்ளிகளை இணைத்தால் கோடு மேலே செல்லாமல் படுத்துக் கிடப்பதைக் காணலாம். வயிற்றுப்போக்கு வந்து சென்றதா, தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவு போதவில்லையா, தாய் கூலி வேலைக்குத் திரும்பிவிட்டாளா என்று அப்போதே வினவ வேண்டும். மஞ்சள் வரட்டும் என்று காத்திருப்பது, வீட்டில் புகை எழுந்த பின்னும் நெருப்பைக் காணவில்லையே என்று வாளாவிருப்பதை ஒக்கும். (இக்குழந்தையின் 7.4 கிலோவைத் தவறி நீல அட்டையில் குறித்தால் மஞ்சளில் விழும் என்பதையும் நினைவிற் கொள்க. ஒரு வயது ஆண் குழந்தைக்கு எல்லை 7.7 கிலோ.)

கோட்டை நம்பி ஒரு பெருந்திட்டமே நடைபெற்றது தமிழ்நாட்டில்தான். 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகள் மாதந்தோறும் எடையிடப்பட்டனர். கூடுதல் உணவு எல்லோருக்கும் பொதுவாக வழங்கப்படவில்லை. கடுமையாக மெலிந்த குழந்தைகளோடு, எடை போதிய அளவு ஏறாத குழந்தைகளையும் தேர்ந்தெடுத்துச் சுமார் மூன்று மாதங்களுக்கு உணவு அளித்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். தாய்மார்களுக்கு அட்டையைக் காட்டிப் பேசுவதும் பணியின் ஒரு பகுதியாயிற்று.

புதிய சாதனங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடாவுக்குத் தராசும் வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எனினும் அஃது அன்றைய நிலையை மட்டுமே கூறும். கோட்டின் வேலையைச் செய்யாது. 2021 முதல் அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைபேசிச் செயலியில் பதிவு செய்கின்றனர். கணக்கிடுவதைச் செயலியே செய்துவிடுவதால் பென்சிற் பிழைகள் இல்லை. அட்டை மாறிப்போவதும் இல்லை. பாலினத்தையும் பிறந்த தேதியையும் பிழையாகப் பதிந்தால் விடையும் பிழையாகும் என்பது மட்டும் உண்டு. ஆனால் முன்பு தாயின் கையிலிருந்த அட்டை இப்போது பணியாளரின் கைக்குள் அடங்கிவிட்டது. இம்மாற்றம் எனக்கு முழு மனநிறைவைத் தரவில்லை.

ஆகவே, எடையிட்டதும் கைபேசியைத் தாயின் பக்கம் திருப்பிக் காட்டுக. அல்லது தாய்-சேய் நலப் புத்தகத்திலுள்ள படத்தில் அவள் பார்க்கும்படியே புள்ளியிட்டு, சென்ற மாதப் புள்ளியோடு இணைக்க. அலுவலகத் தமிழில் இதனை “வளர்ச்சித் தேக்கம்” என்று நாங்கள் மொழிபெயர்ப்பதுண்டு. எடையிடும் இடத்தில் அச்சொல் வேண்டியதில்லை. “போன மாதத்திலிருந்து பிள்ளைக்கு எடை ஏறவில்லை, பாருங்கள்” என்று விரலால் கோட்டைத் தொட்டுக் காட்டி, அவள் பதில் கூறும் வரை பொறுத்திருக்க வேண்டும்.