இசைமேதைகள் எழுதியது எந்தக் கருவிக்கு?



ஹைடன், மோட்சார்ட், பீத்தோவன் ஆகிய மூவரும் மேனாட்டு இசையுலகின் பெரும் மேதைகளாவர். அவர்கள் இயற்றிய இசையை இன்று பெரும்பாலோர் பியானோவில் வாசிக்கின்றனர். ஆயின், அம்மேதைகள் எழுதியது இந்தப் பியானோவிற்குத்தானா? சற்று ஆராய்வோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில், ஆர்மோனியத்தைப் போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்திக்கருவிகள் மூன்று ஐரோப்பாவில் வழங்கின. முதலாவது ஹார்ப்சிக்கார்டு. கட்டையை அழுத்தினால், பறவை இறகின் காம்பு ஒன்று தந்தியை மீட்டும். மெல்லத் தொட்டாலும் வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. இரண்டாவது கிளாவிக்கார்டு. சிறு பித்தளைத் தகடு தந்தியைத் தட்டும். விரலுக்கேற்ப ஒலி மாறும்; எனினும் அது சிற்றறைக்கே போதுமான மெல்லொலி. மூன்றாவது பியானோ. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்டோபோரி என்பவர் இதனை உருவாக்கினார். தோல் பதித்த சிறு சுத்தியல்கள் தந்திகளைத் தட்டுவதால், மெல்லொலி, பேரொலி இரண்டையும் விரலாலேயே எழுப்பலாம்.

ஹைடனின் தொடக்கக்காலப் படைப்புகள் பழைய கருவிகளுக்கு ஏற்றவை. ஆனால், 1788ஆம் ஆண்டில் மூன்று படைப்புகளை நன்கு இயற்றுவதற்காகப் புதிய பியானோ ஒன்றை வாங்க நேர்ந்ததென்று அவர் தம் பதிப்பாளருக்கு எழுதினார். அப்போது அவருக்கு வயது 56. புதியதைக் கற்க முதுமை அவருக்குத் தடையாகவில்லை!

மோட்சார்ட் 1777ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களைக் கண்டு வியந்து தம் தந்தைக்கு மடல் வரைந்தார். பின்னர் வியன்னாவில் வால்டர் என்பவர் செய்த பியானோவை வாங்கினார். அதில் 61 கட்டைகளே இருந்தன. இன்றைய பியானோவில் 88 கட்டைகளும் உறுதியான இரும்புச் சட்டமும் உள்ளன. மோட்சார்ட்டின் பியானோவோ மரச்சட்டம் உடையது. அதன் ஒலி மென்மையானது, விரைவில் அடங்குவது.

பீத்தோவனின் 'நிலவொளி' என வழங்கும் படைப்பு 1802ஆம் ஆண்டில் அச்சாயிற்று. அதன் முகப்பில் 'ஹார்ப்சிக்கார்டு அல்லது பியானோவிற்கு' என்று பொறிக்கப்பட்டிருந்தது. பழைய கருவியை வைத்திருந்தோரும் வாங்கட்டும் என்பதே பதிப்பாளர் கருத்து. உள்ளே நோக்கினாலோ உண்மை விளங்கும். தந்திகளின் அதிர்வை அடக்கும் உறுப்புகளை உயர்த்தி வைத்து, மிக மெல்ல வாசிக்குமாறு பீத்தோவன் குறித்துள்ளார். ஹார்ப்சிக்கார்டில் அவ்வாறு செய்ய இயலாது. எனவே, அவர் மனத்தில் ஒலித்தது பியானோவே.

இதனின்று நாம் அறிவது யாது? முகப்பை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது. உள்ளே புகுந்து ஆராய்தல் வேண்டும். நூலைக் கற்பினும் இசையைக் கேட்பினும் நுனிப்புல் மேயாது ஆழ்ந்து கற்போமாக!