கடலுக்குப் போகும் பாட்டுக்கு எத்தனை கேபிபிஎஸ்?

அன்புள்ள தம்பிக்கு,

புதுக்கடையிலிருந்து எழுதுகிறேன். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கு தொழிலுக்குப் போகும் படகில் வேலை செய்வதாகவும், கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போனில் சிக்னல் போய்விடுவதாகவும், அதனால் மெமரி கார்டு போடுகிற சின்ன எம்பி3 பிளேயர் ஒன்று வாங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கார்டு 32 ஜிபி. அதில் எந்த வடிவத்தில், எத்தனை கேபிபிஎஸ்ஸில் பாட்டு ஏற்றுவது என்பது உங்கள் கேள்வி. வீட்டுப் பரணில் கிடக்கும் அப்பாவின் கேசட்டுகளை என்ன செய்வது என்பது கடைசி வரியில் நீங்கள் கேட்டிருப்பது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் படுகிறது. இரண்டுக்கும் பதில் ஒன்றோடொன்று சேர்ந்தது. இதே சந்தேகம் இந்தப் பகுதியில் பலருக்கும் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பத்திரமாக வைப்பது ஃப்ளாக் வடிவத்தில் இருக்கட்டும். கையில் கொண்டுபோவது 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருக்கட்டும். இனி காரணம்.

சிடியில் ஒலி எப்படி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு நொடிக்கு 44,100 தடவை ஒலியின் அளவை எடுத்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி, இடது வலது என்று இரண்டு தடங்களில் வைத்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது 1,411 கேபிபிஎஸ். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று ஏறத்தாழ 53 மெகாபைட். இதை அப்படியே வைத்துக்கொள்வது வேவ். ஒரு பிட்கூட இழக்காமல் ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுருக்கி வைப்பது ஃப்ளாக். 2001இல் வந்தது, யாருக்கும் காசு கட்ட வேண்டாம். விரித்தால் சிடியில் இருந்தது இருந்தபடி திரும்பக் கிடைக்கும்.

எம்பி3 வேறு வழியில் போகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் பாடுபட்டு உருவாக்கியது அது. 1995 ஜூலையில்தான் கோப்புக்கு எம்பி3 என்ற பெயர் வைத்தார்கள். நம் காதின் ஒரு குணத்தை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். பலத்த சத்தம் ஒன்று எழும்போது அதற்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய சத்தம் நமக்குக் கேட்பதில்லை. கேட்காததைச் சேமித்து வைப்பானேன் என்று அதைக் கழித்துவிடுகிறது எம்பி3. எவ்வளவு கழிக்கலாம் என்பதைத்தான் கேபிபிஎஸ் முடிவு செய்கிறது. எண் குறையக் குறைய, கேட்காததோடு சேர்ந்து கேட்பதும் கழிகிறது.

அது எங்கே தெரியும் என்று பார்க்க நம்மூர் வில்லுப்பாட்டைப் போல நல்ல சோதனை வேறில்லை. குடத்தின் அடி, உடுக்கையின் முழக்கம், வில்லில் கட்டிய மணிகளின் சிணுக்கம், நடுவில் ஜால்ரா. இந்த ஜால்ராதான் எம்பி3க்குக் கஷ்டமான இடம். எம்பி3 ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கையாள்கிறது. ஒரு துண்டில் 1,152 அளவுகள், அதாவது 26 மில்லி நொடி. துண்டின் நடுவில் ஜால்ரா பட்டென்று விழுந்தால், பிட் போதாத இடத்தில் வரும் பிசகு துண்டு முழுக்கப் பரவிவிடும். தட்டுவதற்கு முன்பே மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒன்று கேட்கும்; அதற்குப் பிறகுதான் ஜால்ரா வரும். தட்டின் கூர்மை போய்விடும். இதைத் தடுக்கத் துண்டைச் சின்னதாக்கும் ஏற்பாடு எம்பி3யில் உண்டு. ஆனால் அதற்கும் பிட் வேண்டும். ஜால்ரா நன்றாகப் பதிவான ஒரு வில்லுப்பாட்டு சிடியை எடுத்து 128இல் ஒன்று, 192இல் ஒன்று செய்து, நல்ல இயர்போனில் அமைதியான அறையில் கேளுங்கள். 128இல் ஜால்ரா சற்றே நனைந்தாற்போல இருக்கும். 192இல் பெரும்பாலும் சரியாகிவிடும். 320க்குப் போனால், 192க்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற காது வேண்டும்.

நீங்களே இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். ஒரே பாட்டை மூன்று அளவில் செய்து, எது எது என்று சொல்லாமல் தம்பியையோ தங்கையையோ போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டால், பெரிய எண்தான் இனிமையாக இருக்கிறது என்று மனசு சொல்லிவிடும். எண் தெரியாமல் கேட்டு எந்த இடத்தில் உங்கள் காது வித்தியாசத்தை விடுகிறதோ, அதுதான் உங்கள் அளவு. அடுத்தவர் சொல்வதற்காக அதைவிடப் பெரிதாக ஏற்ற வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. கேபிபிஎஸ்ஸைப் பாட்டின் நொடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் கிலோபைட் கிடைக்கும். ஐந்து நிமிடப் பாட்டு 128இல் 4.8 மெகாபைட், 192இல் 7.2, 320இல் 12. ஃப்ளாக்கில் சுமார் 30. உங்கள் 32 ஜிபி கார்டில் 192 என்றால் நாலாயிரத்துக்கு மேல் பாட்டு பிடிக்கும்; 370 மணி நேரம் வரும். தினம் 12 மணி நேரம் பாடவிட்டாலும் ஒரு மாதத்துக்குப் போட்ட பாட்டையே மறுபடி போட வேண்டாம். ஃப்ளாக் என்றால் அதே கார்டில் ஆயிரம் பாட்டுத்தான், 90 மணி நேரத்துக்கும் குறைவு. தூத்தூர்ப் பக்கத்துப் படகுகள் போலக் கரை பிடிக்க ஒரு மாதமும் அதற்கு மேலும் ஆகிற தொழிலுக்கு, 192 அளந்து வைத்ததுபோலப் பொருந்துகிறது.

எங்கே கேட்கிறோம் என்பதும் முக்கியம். டீசல் எஞ்சின் ஓயாமல் இரைகிற படகில், ஃப்ளாக்குக்கும் 192க்கும் இடையிலான நுட்பம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஒலியை மேம்படுத்த அங்கே செலவு செய்ய வேண்டியது இயர்போனுக்கு. காதுத் துளையை நன்றாக அடைத்து உட்காரும் ரப்பர் முனை உள்ளதாக வாங்குங்கள். வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூமைக் கூட்ட வேண்டியிருக்காது, காதும் பிழைக்கும். வேலை நேரத்தில் மட்டும் அதை மாட்டாதீர்கள். கூட இருப்பவர் கூப்பிடுவது கேட்க வேண்டும். வயர் உள்ளதே போதும். புளூடூத்தில் பிளேயர் பாட்டை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்புகிறது. பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

எம்பி3யைவிட நல்ல வடிவங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 1997இல் வந்த ஏஏசி, 2012இல் வந்த ஓபஸ் இரண்டும் குறைந்த கேபிபிஎஸ்ஸில் எம்பி3யைவிடத் தெளிவாக ஒலிக்கும். போனில் கேட்பவர்கள் தாராளமாக அவற்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பிளேயர் போன்ற விலை குறைந்த கருவிகள் பல ஓபஸைத் தொடுவதே இல்லை. எம்பி3 என்றால் படகில் கட்டியிருக்கும் ஸ்பீக்கர், ஆட்டோ, திருவிழா மைக் செட், பழைய டிவிடி பிளேயர் எல்லாவற்றிலும் ஓடும். 2017 ஏப்ரலில் எம்பி3யின் காப்புரிமை உரிமத் திட்டத்தை நிறுத்தியபோது, எம்பி3 செத்துவிட்டது என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. நடந்தது நேர்மாறு. அன்றிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். நடுக்கடலில் ஒரு கருவி கெட்டால் இன்னொன்றில் கார்டைப் போட்டுக் கேட்கலாம் என்கிற வசதி எம்பி3க்கு மட்டும்தான் முழுமையாக இருக்கிறது.

அடுத்தது, பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செல்போன் கடையில் கார்டைக் கொடுத்தால் கொஞ்சம் காசுக்கு நூற்றுக்கணக்கில் பாட்டு ஏற்றித் தருவார்கள். அந்தப் பாட்டுகளில் பல, கார்டுக்குக் கார்டு தாவி, வழியில் யாராவது மறுபடி சுருக்கியவையாக இருக்கலாம். அவற்றில் பல இன்று ‘320’ என்ற பெயரோடு உலவுகின்றன. 128இல் இருந்ததை 320 ஆக மாற்றினால் கோப்புப் பெருக்குமே ஒழிய ஒலி திரும்பாது. உப்புப் போட்டு உலர்த்திய கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் பச்சை மீன் ஆகிவிடுமா? யூடியூபிலிருந்து எடுத்து 320 ஆக்குவதும் இதே கதைதான். அங்கே ஒலி ஏற்கெனவே 128, 160 என்கிற அளவுக்குச் சுருங்கித்தான் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் படத்தைப் பாருங்கள். சமீபத்திய பாட்டு ஒன்றில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டினாற்போல வெறுமையாக இருந்தால், அது பெரும்பாலும் 128இலிருந்து ஊதிப் பெருக்கியது. பழைய பாட்டுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றின் பதிவிலேயே அந்த உயரத்தில் ஒலி குறைவு.

அந்தப் பழைய பாட்டுகளில் உங்களுக்கு லாபமும் உண்டு. ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. இடதும் வலதும் ஒன்றேதான். அவற்றை மோனோவாகவே 96இல் செய்தால், ஒரே தடத்துக்கு எல்லாப் பிட்டும் போய்ச் சேரும், அளவும் பாதியாகும். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’ போல, வயலின்கள் அடுக்கடுக்காக வரும் ஸ்டீரியோ இசைக்கு 256 வரை கொடுங்கள், தகும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்று பிடிவாதம் வேண்டாம்.

சில கை வேலைகள். எம்பி3 செய்ய லேம் என்ற என்கோடரைப் பயன்படுத்துங்கள். அதில் வி2 என்ற அமைப்பு, பாட்டின் தேவைக்கேற்பப் பிட்டைக் கூட்டிக் குறைத்துச் சராசரியாக 190 சுமாரில் நிற்கும். சில மலிவு பிளேயர்கள் அப்படிப்பட்ட கோப்புக்கு நேரத்தைத் தப்பாகக் காட்டும். அது தொந்தரவாக இருந்தால் நிலையான 192 வைத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி கார்டு வாங்குமுன் பிளேயர் அதை ஏற்குமா என்று பாருங்கள். அவை எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, பல பிளேயர்கள் அதைப் படிக்காது. கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 001, 002 என்று எண் போட்டு, அந்த வரிசையிலேயே கார்டில் ஏற்றுங்கள். பல பிளேயர்கள் ஏற்றிய வரிசையில்தான் பாடும்.

இனி அப்பாவின் கேசட்டுகள். இரண்டு வில்லுப்பாட்டு, சில திருவிழாப் பதிவுகள், மற்றவை வளைகுடாவில் இருந்தபோது அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பியவை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட கேசட் இல்லாத வீடு குறைவு. முதலில், கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள். அதன் பிறகு யாரும் கை தவறி அதன் மேல் பதிய முடியாது. கேசட்டின் ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஈரத்துக்கு அது சகஜம். அந்தக் கேசட்டைத் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றோடு ஒரே பிளேயரில் போட்டால், நாடாவைப் படிக்கும் தலையிலும் உருளையிலும் ஒட்டிப் பரவும். அதைக் கேசட் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள். பிளேயரின் தலையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். கேசட் ஓடும்போது அதை மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சட்டென்று தெளியும். அங்கே நிறுத்துங்கள். பதிந்த கருவியின் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு உங்கள் தலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேசட் பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்குக் கொண்டுவந்து, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதியுங்கள். சாதாரணக் கேசட்டில் இருப்பது முழுக்க அதற்குள் அடங்கிவிடும். 96,000 ஹெர்ட்ஸ் எல்லாம் வீண். சத்தம் உச்சத்தில் முட்டாமல் 6 டெசிபல் இடம் விடுங்கள். பதிந்ததை ஃப்ளாக்காகச் சேமியுங்கள். ‘ஷ்’ என்ற இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலத்தில் கை வைக்காதீர்கள். பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஒரு மணி நேர மோனோப் பதிவு ஃப்ளாக்கில் 300 மெகாபைட்டுக்குள் அடங்கும். அதிலிருந்து உங்கள் பிளேயருக்கு மோனோ 64இல் எம்பி3 செய்தால் ஒரு மணி நேரம் 29 மெகாபைட். பேச்சுக்கு அது தாராளம்.

ஏன் கேசட்டை நேரே எம்பி3 ஆக்கக் கூடாது என்றால், இன்று கழித்தது நாளைக்குக் கிடைக்காது. இன்னும் பத்து வருஷத்தில் இரைச்சலை நீக்க நல்ல கருவி வரலாம், புது வடிவம் வரலாம். ஃப்ளாக் இருந்தால் அதிலிருந்து எதையும் செய்துகொள்ளலாம். எம்பி3 மட்டும் இருந்தால் கழித்ததிலிருந்துதான் மேலும் கழிக்க முடியும். சினிமாப் பாட்டை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் பேச்சு அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது, நாடாவும் வருஷத்துக்கு வருஷம் தேய்கிறது.

ஆகவே அடுத்த தடவை கடலுக்குப் போவதற்கு முன், பிளேயரில் பாட்டு ஏற்றும் வேலையைத் தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை, கேசட் வேலையை முடித்துவிடுங்கள். ஃப்ளாக் கோப்புகளை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் போட்டு, ஒன்றை உங்கள் வீட்டிலும் மற்றதை அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வையுங்கள்.

அன்புடன்,
புதுக்கடையிலிருந்து உங்கள் அண்ணன்